கோஸ்டா பிராவாவில் அண்ணன், ஊட்டியில் மனைவி

'புதிய பறவை'யை நான் முதலில் பார்த்தது தூர்தர்ஷனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பக்கத்தில் அத்தை. கப்பலில் சரோஜாதேவி வந்து கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. "இவ யாருன்னு நினைக்கிறே? போலீஸு" என்று போட்டு உடைத்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசிக் காட்சியில் மறுபடியும் அழுகை வந்தது, ஆனால் அது வேறு காரணத்துக்காக.

பல வருடங்கள் கழித்து, அந்தப் படத்தின் தாய்வீடு எது என்று தேடிப்போய், 1958ல் வெளிவந்த 'சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ' என்ற கறுப்பு வெள்ளைப் பிரிட்டிஷ் படத்தை லேப்டாப்பில் பார்த்தேன். பெரிய பங்களாவில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே வருகிறான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு முழுக்கதையும் தெரிந்துவிட்டது. பாவம், அந்தப் படத்துக்கு என்னிடம் ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை.

ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் நடுநிலையான நடுவர் இல்லை. ஒன்றை அத்தை கெடுத்தாள்; இன்னொன்றை முதல் படம் கெடுத்தது. ஆனால் அதிலும் ஒரு வசதி இருக்கிறது. முடிச்சு அவிழ்ந்தபின் எந்தப் படம் நிற்கிறது என்று பார்க்க, முடிவு தெரிந்த ஆள்தானே வேண்டும்? இரண்டு படங்களின் முடிவையும் நான் இங்கே ஒளிக்கப்போவதில்லை. இரண்டையுமே பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு, முதலில் பிரிட்டிஷ் படத்தைப் பார்த்துவிடுங்கள். ஏன் அந்த வரிசை என்று போகப்போகத் தெரியும்.

செத்தவன் வாசலில்

இடம் ஸ்பெயினின் கோஸ்டா பிராவா கடற்கரை. தென்னாப்பிரிக்க வைரக் குடும்பத்து வாரிசு கிம்பர்லி பிரெஸ்காட் அங்கே ஒரு வில்லாவில் தங்கியிருக்கிறாள். அப்பா தற்கொலை செய்துகொண்டார். அண்ணன் வார்டு ஒரு கார் விபத்தில் போய்விட்டான். ஓர் இரவு விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பிப் போனபிறகு ஒருவன் வருகிறான். தான்தான் வார்டு என்கிறான். அவள் போலீஸைக் கூப்பிடுகிறாள். வர்காஸ் என்ற அதிகாரி வந்து அவனுடைய பாஸ்போர்ட்டையும் மற்றக் காகிதங்களையும் பார்க்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது. அவ்வளவுதான், போலீஸ் போய்விட்டது. அவன் மட்டும் வீட்டில்.

இதற்குப் பிறகு படம் செய்வதெல்லாம் ஒரே வேலை, ஆனால் அதைப் பிசிறில்லாமல் செய்கிறது. அவள் கையில் இருக்கும் ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறது. இதோ அண்ணன் படம் என்று காட்டப் போனால், படத்தில் இருப்பது வந்தவனின் முகம். கையில் குத்தியிருக்கும் பச்சை ஒத்துப்போகிறது. பழைய வேலைக்காரர்கள் காணாமல் போய்ப் புது ஆட்கள் வந்து நிற்கிறார்கள். வார்டு கார் பந்தயக்காரன். இவனும் மலைப்பாதையில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதே வெறியோடு ஓட்டிக் காட்டுகிறான். சரி, சொந்த மாமா வந்தால் உண்மை தெரிந்துவிடும் என்று அவள் நம்புகிறாள். மாமா வருகிறார், பார்க்கிறார், இவன் வார்டுதான் என்கிறார்.

அந்த மாமா காட்சிதான் படத்தின் உச்சம் என்பேன். அதுவரை, ஒரு கூட்டம் வைரத்துக்காக ஒரு பெண்ணை ஏமாற்றுகிறது என்று தைரியமாக இருந்தோம். மாமா தலையாட்டியதும் நம் காலடியிலும் தரை நழுவுகிறது. ஒருவேளை இவளுக்குத்தான் மூளை பிசகிவிட்டதோ?

கடைசியில் மிஞ்சுவது கைரேகை. பிராந்தி குடித்த கிளாஸிலிருந்து எடுத்த ரேகையைப் போலீஸ் பரிசோதிக்கிறது. ரேகை பொய் சொல்லாது. முடிவு வருகிறது: இது வார்டின் ரேகையேதான். அங்கே அவள் உடைகிறாள். அவன் வார்டாக இருக்கவே முடியாது, ஏனென்றால் வார்டைக் கொன்றது நான் என்று கத்திவிடுகிறாள். அந்தக் காரில் கைவைத்தது அவள்தான். வந்தவன் போலீஸ். மாமா முதல் வீட்டு ஆட்கள் வரை எல்லோரும் அந்த நாடகத்தில் பாத்திரங்கள். இத்தனையும் அந்த ஒரு வாக்கியத்துக்காக.

யோசித்துப் பார்த்தால் இதன் தர்க்கம் அழகானது. ஒருவன் செத்துவிட்டான் என்று எல்லோரையும்விட உறுதியாகச் சொல்லக்கூடியவர் யார்? கொன்றவர்தான். ஆதாரம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் அந்த உறுதி ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருக்கும். அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

அண்ணன் மனைவியானது எங்கே?

தமிழில் கோபால் பணக்காரன். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்புகிறான். கப்பலில் லதா என்ற பெண்ணும் அவள் அப்பாவும் பழக்கமாகிறார்கள். ஊட்டியில் இருக்கும் அவன் பங்களாவில் வந்து தங்குகிறார்கள். காதல் கனிகிறது. ரயிலைக் கண்டால் அவன் நிலைகுலைந்து போகிறான். ஏன் என்று கேட்டால், முதல் மனைவி சித்ரா ரயிலில் அடிபட்டுச் செத்த கதையைச் சொல்கிறான். கல்யாணம் கூடிவரும் நேரத்தில், விருந்தாளிகள் நிறைந்திருக்கும் வீட்டுக்குள், அந்தச் சித்ராவே தன் மாமனோடு வந்து நிற்கிறாள்.

இந்த மாற்றத்தை நம் ஆட்கள் செய்ததாகத்தான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. நடுவில் கல்கத்தா இருக்கிறது. 1963ல் ஹரிதாஸ் பட்டாச்சார்யா இயக்கத்தில் உத்தம் குமாரும் ஷர்மிளா தாகூரும் நடித்த 'சேஷ் அங்கா' என்ற வங்காளப் படத்திலேயே அண்ணன் போய் மனைவி வந்தாயிற்று. கடைசி அங்கம் என்று பொருள். அதைத்தான் தாதா மிராசி 1964ல் தமிழில் எடுத்தார், வசனம் ஆரூர்தாஸ். 1989ல் மலையாளத்தில் 'சரித்திரம்' என்ற பெயரில் இதே கதை வந்தபோது மறுபடியும் செத்துப்போன தம்பி திரும்பி வந்தான். ஆக, லண்டனிலிருந்து நேராக ஊட்டிக்கு ரயில் வரவில்லை. ஹௌராவில் ஏறித்தான் வந்தது. கிடைக்கிற பாராட்டில் பாதியை அங்கே அனுப்பிவிட வேண்டும்.

அண்ணனுக்குப் பதில் மனைவி என்றால் பயத்தின் நிறமே மாறிப்போகிறது. கிம்பர்லிக்கு வரும் பயம், தெரியாத ஆண் ஒருவன் தன் வீட்டில், தன் அறைக்குப் பக்கத்து அறையில் படுத்திருக்கிறானே என்ற பயம். உடம்பு சம்பந்தப்பட்டது. கதவைத் தாழ்ப்பாள் போட்டால் குறைகிற பயம். கோபாலுக்கு வருவது நாலு பேர் பயம். உறவும் ஊரும் கூடியிருக்கும் இடத்தில் ஒரு பெண் நான் உன் பெண்டாட்டி என்று வந்து நின்றுவிட்டால், இல்லை என்று சொல்கிற ஆண்மீதுதான் எல்லோருடைய கண்ணும் திரும்பும். கட்டியவளைக் கைவிடப் பார்க்கிறான் என்றுதான் பேச்சு வரும். பிரிட்டிஷ் படத்தில் வீடு காலியான பிறகு அண்ணன் வருகிறான். தமிழில் வீடு நிறைந்த பிறகு மனைவி வருகிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்ட வித்தியாசம் இதுதான்.

பார்த்த முகம், பார்க்காத முகம்

இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரியது. நிறையப் பேர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிரிட்டிஷ் படத்தில் நிஜ வார்டின் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. வந்தவன் அவனைப்போல இருக்கிறானா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை. கிம்பர்லி சொல்வதுதான் ஆதாரம். அதனால் இயல்பாகவே அவள் கட்சியில் சேர்ந்துகொள்கிறோம். நம் கேள்வி: இவன் ஏன் பொய் சொல்கிறான்?

தமிழில் கோபால் பழைய கதையைச் சொல்லும்போதே சித்ராவைப் பார்த்துவிடுகிறோம். சௌகார் ஜானகி. பிறகு வாசலில் வந்து நிற்பவளும் சௌகார் ஜானகி. கோபால் இல்லை என்கிறான். நம் கண் ஆமாம் என்கிறது. நாயகனின் வாக்கை நம்புவதா, சொந்தக் கண்ணை நம்புவதா? இங்கே கேள்வி தலைகீழ்: கட்டிய மனைவியை இவன் ஏன் மறுக்கிறான்? படத்தின் உண்மையான கேள்வியும் அதுதான் என்பதுதான் வேடிக்கை. பிரிட்டிஷ் படம் நம்மைத் தவறான கேள்வி கேட்கவைத்து ஏமாற்றுகிறது. தமிழ்ப் படம் சரியான கேள்வியை முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு, சிவாஜி மீது நமக்கிருக்கும் பிரியத்தால் அதை நாமே ஒதுக்கிவைக்கும்படி செய்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஸ்பெயினில் அந்தப் போலீஸுக்குத் தேவைப்பட்டது துணிச்சலான ஓர் ஆள், கொஞ்சம் தயாரிப்பு வேலை. ஊட்டியிலோ செத்துப்போனவளை அச்சில் வார்த்ததுபோல இன்னொரு பெண்ணைத் தேடிப் பிடித்திருக்கவேண்டும். நடக்கிற காரியமா? ஆனால் தியேட்டரில் யாரும் எழுந்து நின்று கேட்டதாகத் தெரியவில்லை. இரட்டை வேடத்துக்குப் பழகிய கண் நம்முடையது. ஒரே முகம் இரண்டு பேருக்கு இருப்பது நமக்குத் தும்மல் மாதிரி.

ஆனால் பொறியின் இறுக்கம் என்று வந்தால் தமிழ்ப் படம் தோற்கிறது, சந்தேகமே வேண்டாம். புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் நூறு இருக்கும்; அதில் பத்தைக் கேட்டு மடக்கவேண்டியதுதானே என்று எனக்கு இப்போதும் தோன்றும். வந்தவன் தன் அண்ணன் இல்லை என்று நிரூபிக்க கிம்பர்லி ஓயாமல் முட்டிமோதுகிறாள்; ஒவ்வொரு கதவாகச் சாத்தப்படுவதைப் பார்க்கிறோம். கோபால் அவ்வளவு முட்டிமோதுவதில்லை. புழுங்குகிறான். பாடுகிறான். நடுவில் நாகேஷ் வந்து சிரிக்கவைக்கிறார். ஒன்றரை மணி நேரக் கதை இரண்டரை மணி நேரத்துக்கு இழுபட்டால் நூல் தொய்யத்தான் செய்யும்.

வேஷம் போடத் தெரிந்தவர்கள்

இந்த மாதிரிக் கதையில் நடிகர் தேர்வே பாதி ஏமாற்று. வார்டாக வருபவர் ரிச்சர்ட் டாட். இந்தப் படத்தை இயக்கிய மைக்கேல் ஆண்டர்சனே 1955ல் எடுத்த 'தி டேம் பஸ்டர்ஸ்' படத்தில் அணைகளைத் தகர்க்கப் போன விமானப் படைப்பிரிவின் தலைவராக நடித்து பிரிட்டனின் செல்லப்பிள்ளை ஆனவர். அவரை வில்லனாகப் பார்த்தபோது, ஒழுங்கான பிள்ளைக்குக் கெட்ட வேஷம் கொடுத்திருக்கிறார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் நினைத்திருப்பார்கள். கடைசியில் பார்த்தால் அவர் ஒழுங்கான பிள்ளைதான். விடை முதல் காட்சியிலிருந்து முகத்திலேயே ஒட்டியிருந்திருக்கிறது.

தமிழில் இதைவிடக் குறும்பு. சரோஜாதேவியின் கொஞ்சலையும் வெகுளிப் பேச்சையும் எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்! அது இங்கே முழுக்க முழுக்க வேஷம். அந்த வெகுளிப் பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று யாருக்குத் தோன்றும்? சௌகார் ஜானகியோ குடும்பத்துக்காகக் கண்ணீர் விடும் வேடங்களுக்குப் பேர்போனவர். அவரை கிளப்பில் பாடுகிற, குடிக்கிற பெண்ணாக்கினார்கள். எம்.ஆர். ராதா சித்ராவின் மாமன் ரங்கனாக வந்து, சிரிப்பு மூட்டியபடியே கழுத்தை நெரிக்கிறார். பிரிட்டிஷ் படத்தில் வார்டோடு வந்து வீட்டை எடுத்துக்கொள்ளும் ஃபெய்த் புரூக்கின் பாத்திரம் வெறும் கண்டிப்பு. ராதாவுக்குப் பக்கத்தில் வைத்தால் உறைக்காத மிளகாய்.

வர்காஸாக வரும் ஹெர்பர்ட் லோமைச் சொல்லாமல் விடக்கூடாது. மரியாதையான, லேசாகச் சலிப்புத் தட்டிய அந்த முகம் கிம்பர்லியை நம்புகிறதா இல்லையா என்று கடைசிவரை பிடிபடாது. பின்னாளில் 'பிங்க் பேந்தர்' படங்களில் கண் துடிக்கும் போலீஸ் அதிகாரியாக வந்தவர் இவர்தான் என்று தெரிந்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

கிம்பர்லியாக வரும் ஆன் பாக்ஸ்டருக்கும் கோபாலாக வரும் சிவாஜிக்கும் ஒரே சிக்கல். இருவரும் முதல் தடவை பார்ப்பவருக்கு நிரபராதியாகவும், இரண்டாம் தடவை பார்ப்பவருக்குக் குற்றவாளியாகவும் தெரியவேண்டும். பாக்ஸ்டர் கோபத்தைப் பிடித்துக்கொள்கிறார். அவர் முகத்தில் பயம் தெரிவதற்கு முன்னால் ஆத்திரம் தெரிகிறது, இவனுக்கு எவ்வளவு துணிச்சல் என்பதுபோல. முதல் தடவை அதைச் சொத்துக்காரியின் திமிர் என்று எடுத்துக்கொள்வோம். முடிவு தெரிந்து பார்க்கும்போது, செத்தவன் திரும்ப வரமாட்டான் என்ற நிச்சயம் அந்த ஆத்திரத்துக்குள் இருப்பது தெரியும். நுட்பமான வேலை. பார்ப்பவர்கள் அவருக்கு அதற்கான பேரைக் கொடுப்பதில்லை. படத்தின் திருப்பத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வெயிலும் வண்ணமும்

மனத்தைக் கலக்கும் கறுப்பு வெள்ளைப் படம் என்றதும் மூடுபனியும் மழையும் நனைந்த கல் தெருவும் நினைவுக்கு வரும். இதில் அதெல்லாம் இல்லை. எர்வின் ஹில்லியரின் ஒளிப்பதிவில் மத்தியதரைக் கடல் வெயில் வெள்ளைச் சுவரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. ஒளிய ஒரு மூலை கிடையாது. பட்டப்பகலில், கடல் பளபளக்கும்போது ஒரு பெண் மெல்லப் பைத்தியமாக்கப்படுகிறாள். பின்னணியில் பெரிய வாத்தியக் கூட்டம் இல்லை, கிதார்தான் முன்னால் நிற்கிறது. விரல் ஓடிக்கொண்டே இருக்கும். காலடிச் சத்தம் மாதிரி.

'புதிய பறவை' ஈஸ்ட்மன் கலர். கோட்டு, மாடிப்படி, ஊட்டிப் பச்சை, பட்டுத் திரைச்சீலை. இந்தக் கதைக்கு வண்ணம் தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். ஆனால் அதே வண்ணத்தை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் படத்தால் செய்யவே முடியாத ஒரு காரியத்தைச் செய்திருக்கிறார்கள். 'எங்கே நிம்மதி'.

ஒரு மர்மப் படத்தில் குற்றவாளியின் மனதுக்குள் கேமராவைக் கொண்டுபோகக்கூடாது. போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால்தான் ஆண்டர்சன் எப்போதும் கிம்பர்லியை வெளியே இருந்தே காட்டுகிறார். நம் படமோ டி.எம். சௌந்தரராஜன் குரலில், விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் அத்தனை வயலின்களோடு, நேராக உள்ளே போய்விடுகிறது. அந்தப் பாட்டில் கோபால் ஒரு பாவி. இரண்டு பெண்களுக்கு நடுவில் இழுபடுகிறான், ஓடுகிறான், விழுகிறான். ஆனால் பாட்டு என்பதால் நாம் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. அநியாயமாக மாட்டிக்கொண்டவனின் வேதனை என்று நினைத்துக் கண் கலங்குகிறோம். வாக்குமூலம் வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே அவன் வாக்குமூலம் கொடுத்துவிட்டான், மெட்டுப் போட்டு. பாட்டுகள் கதையை நிறுத்திவைக்கும் இடைஞ்சல் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

'பார்த்த ஞாபகம் இல்லையோ'வும் அப்படியே. முதலில் பி. சுசீலா குரலில் சித்ரா கிளப்பில் பாடும்போது அது கொஞ்சல். சோகமாக அதே பாட்டு மறுபடியும் வரும்போது அந்த முதல் வரி விசாரணை. நான் அவளில்லை என்கிறாயா, பார்த்த ஞாபகம் இல்லையா? கண்ணதாசன் திரைக்கதையின் சாவியைப் பல்லவியிலேயே தொங்கவிட்டிருக்கிறார்.

ரயிலும் அந்த வகைதான். மனைவி ரயிலில் அடிபட்டதால் அவனுக்கு ரயில் என்றால் நடுக்கம் என்று முதலில் ஒரு காரணம். செத்தவளைத் தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் போட்டதே அவன்தான் என்பது நிஜக் காரணம். நடுக்கம் ஒன்று, காரணம் இரண்டு. பிரிட்டிஷ் படத்தில் இவ்வளவு திறந்த துப்பு எனக்குத் தட்டுப்படவில்லை.

ஓர் அறை

இப்போது எனக்குத் தமிழ்ப் படத்தின்மீது இருக்கும் பெரிய வழக்கு. கிம்பர்லி செய்தது திட்டமிட்ட கொலை. கோபால் செய்தது ஓர் அறை. வீட்டை விட்டுக் கிளம்பும் மனைவியை ஆத்திரத்தில் அறைகிறான். இதயம் பலவீனமான அவள் செத்துவிடுகிறாள். பயந்துபோய்த் தற்கொலையாக மாற்றுகிறான். சிவாஜி கொலைகாரனாக இருக்கமுடியாது, அதற்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு. அதோடு சித்ராவை எந்த அளவுக்குக் கெட்டவளாகக் காட்டுகிறார்கள் என்றால், அவள் சாவைப் பற்றி நமக்கு வருத்தமே வரக்கூடாதாம். குடித்தாள், அடங்கவில்லை, கௌரவத்தைக் குலைத்தாள், ஆகவே அறை வாங்கலாம். மனைவியை அடித்ததை அந்தப் படம் ஒரு குற்றமாகவே எண்ணவில்லை. அவள் செத்ததைத்தான் எண்ணுகிறது. இன்று பார்க்கும்போது தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது.

இந்த அறைக்காகவா இத்தனை போலீஸ், போலி மாமன், போலி மனைவி? நாடகத்தின் செலவு குற்றத்தின் எடைக்குப் பொருந்தவே இல்லை.

இன்னொன்று. இது அடைப்புக்குறிக்குள் போகவேண்டிய விஷயம், ஆனால் விட மனமில்லை. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது என்றது. ஊட்டிப் பங்களாவில் கோபால் யாரிடம் உடைந்து அழுதான்? மாறுவேடத்தில் இருந்த போலீஸிடம். நல்ல வக்கீலாகப் பார்த்து வைத்திருந்தால், இடைவேளைக்குள் வெளியே வந்திருப்பான்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த அறைக்குப் பதில் நிஜக் கொலை இருந்திருந்தால் கடைசிப் பத்து நிமிடம் இருந்திருக்காது. லதா தன்னைப் போலீஸ் என்று சொல்லிவிட்டு, வேஷம்போட வந்த இடத்தில் காதல் மட்டும் நிஜமாகிவிட்டது என்று நிற்கிறாள். உண்மையை வாங்குவதற்காகக் காட்டிய அன்பும் உண்மையாகிப்போனது. அவளை நம்பியவனை அவள்தான் பிடித்துக்கொடுக்கிறாள். இந்த இடம் பிரிட்டிஷ் கதையில் கிடையவே கிடையாது. அண்ணனாக வந்தவனுக்கும் தங்கைக்கும் நடுவில் அது வரவும் முடியாது. கல்கத்தாக்காரர்கள் அண்ணனை எடுத்துவிட்டு மனைவியையும் காதலியையும் வைத்தபோது ஒரு புதிர்க்கதைக்குள் ஒரு துயரக்கதையை நுழைத்துவிட்டார்கள். சிவாஜி அந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகத்தான் நடிக்கிறார். எனக்கு அது வேண்டும்.

ஆண்டர்சன் படத்தில் உண்மை வெளிவந்ததும் கதை டப்பென்று மூடிக்கொள்கிறது. கிம்பர்லியைப் பற்றி அதன்பின் யாருக்கும் அக்கறை இல்லை. அப்புறம் படத்தின் தயாரிப்பாளர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியரே திரையில் வந்து, முடிவை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். நல்ல விளம்பர உத்தி. கூடவே, ரகசியம் போனால் தன் படத்தில் பாதி போய்விடும் என்ற ஒப்புதலும் அதில் இருக்கிறது. 'புதிய பறவை'யின் ரகசியம் தமிழ்நாட்டில் எப்போதோ வெளியே போய்விட்டது. என் அத்தை மாதிரி வீட்டுக்கு ஒருத்தி இருந்தாள். 2010ல் டிஜிட்டலில் புதுப்பித்துச் சென்னை சாந்தி தியேட்டரில் போட்டபோதும் கூட்டம் வந்தது. உள்ளே இருந்தவர்களில் எத்தனை பேர் லதா யாரென்று தெரியாமல் டிக்கெட் வாங்கியிருப்பார்கள்?

அதனால்தான் முதலில் பிரிட்டிஷ் படம் என்றேன். அது ஒரே ஒரு தடவை முழுப் பலத்தோடு அடிக்கும். அந்தத் தடவையை வீணாக்காதீர்கள். ஊட்டிப் படம் எங்கேயும் போகாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அத்தைக்கு அந்தப் பிரிட்டிஷ் படத்தைப் போட்டுக் காட்டினேன். இன்ன கதை என்று சொல்லவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் வராது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த வயதில் பழிவாங்கப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். விருந்து முடிந்தது, வந்தவன் வந்தான், வர்காஸ் வந்து காகிதங்களைப் பார்த்துவிட்டுப் போனார். அத்தை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "இவன் போலீஸாடா?" என்றாள். நான் வாயே திறக்கவில்லை.

கடைசிவரை பார்த்தாள். ஃபேர்பேங்க்ஸ் வந்து பேசியதும் என்ன சொல்கிறான் என்று கேட்டாள், சொன்னேன். அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"ஏன்டா, அந்தப் பொண்ணுக்காக ஒருத்தர்கூட அழலையே?"